நீலக்குருவி சொன்ன சாட்சி

அத்தியாயம் 9

“ஏலே கிச்சா, இன்னும் ஒரு ஜோக் சொன்னேன்னு வையி, இந்த மேலகரத்துலயே உன்னை இறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்!”

உலகம்மைக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. அவள் முறுக்கிய முறுக்கில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் சாரலில் வழுக்கிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் பறந்தது. தென்காசியில் சேலை கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிற பொம்பளை அவள் ஒருத்திதான். ‘துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறவளும் அவள் ஒருத்திதான். பின் சீட்டில் தொற்றிக்கொண்டிருந்த கிச்சா அவளுடைய அசிஸ்டெண்ட். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் அவனுக்கு.

“ஜோக் இல்லேக்கா, பயத்துல வர்ற உளறல். எதிர்க்க லாரி வர்றது, பார்த்தேளா?”

“பாத்தேன். அவன் ஒதுங்குவான்.”

ஒதுங்கினான். ஒதுங்கிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கோபம் வராமல் என்ன செய்யும்? சற்று முன்புதான் அவள் ஸ்டேஷனில் பலவேசத்தின் கையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பலவேசம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். இருபது வருஷமாக அந்த இரண்டு கைகள்தான் அவனுக்கும் அவன் பெண்டாட்டி பேராச்சிக்கும் சோறு போடுகின்றன. அதில் வலது கை மணிக்கட்டோடு முறிந்து, பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. பேராச்சி தன் சேலையைக் கிழித்து ஒரு கட்டுப் போட்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?” என்று உலகம்மை கத்தியதற்கு, இன்ஸ்பெக்டர் கடற்கரை பல் குத்திக்கொண்டே பதில் சொன்னார். “நாலு மணிக்கு தென்காசி கோர்ட்டுல நிறுத்தணும்மா. அங்கன ரிமாண்டு ஆயிட்டா ஜெயில் டாக்டர் பாத்துக்கிடுவாரு. அதுக்குள்ள உருப்படியா ஏதாவது கொண்டு வாங்க, பாப்போம்.”

விஷயம் இதுதான். ஆடி ஒண்ணாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் கைலாசம் பிள்ளையின் பங்களாவில் ஒரு வைர அட்டிகை காணாமல் போனது. அவர் மனைவி வடிவாம்பாளுடையது. புருஷனும் பெண்டாட்டியும் அன்று காலை பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஞாயிறுதோறும் கைலாசத்துக்கு எண்ணெய் தேய்க்க வருகிற பலவேசம் வழக்கம்போல வந்தான். பின்கட்டில் காத்திருந்து பார்த்தான், ஆளைக் காணோம் என்று திரும்பிப் போனான். அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு ஆள் வடிவாம்பாளின் தம்பி குற்றாலிங்கம். அவனோ, “நான் எங்கன வீட்டுல இருந்தேன்? அத்தானோட கேமராவை எடுத்துக்கிட்டு விடிஞ்சதும் செண்பகாதேவி அருவிக்கு ஏறிட்டேன், மத்தியானம்தான் இறங்கினேன்” என்றான்.

சும்மா சொல்லவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அத்தாட்சியாக ஒரு போட்டோவை நீட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். கிளையில் ஒரு சின்னக் குருவி, பின்னால் புகைப்படலமாக அருவி. அத்தானின் இருட்டறையில் தானே கழுவிப் பிரிண்ட் போட்டதாகச் சொன்னான். அவன் கணக்கு தீர்ந்தது, மிச்சம் பலவேசம் ஒருத்தன். மறுநாள் செவ்வாய்க்கிழமை பலவேசத்தைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பி, பின்கட்டுத் தூணில் கட்டி, உலக்கையால் அடித்து, உண்மையைச் சொல் என்றார்கள் குற்றாலிங்கமும் வீட்டு ஆட்களும். சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஸ்டேஷனில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். இன்றைக்குப் புதன்கிழமை, மணி ஒன்றே கால்.

அந்தப் போட்டோ இப்போது கிச்சாவின் சட்டைக்குள் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. கடற்கரையிடம் மன்றாடி வாங்கியது.

“படம் பழசா இருக்கும்னு எனக்கு ஒரு சம்சயம்” என்றாள் உலகம்மை. “கைலாசத்துக்கிட்டயே காட்டிக் கேப்போம். குருவி விஷயத்துல இந்த ஜில்லாவுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. பம்பாய் பறவைச் சங்கத்துக்கே கட்டுரை எழுதுத மனுஷன்.”

கைலாசம் பிள்ளை வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு, நெற்றியில் கீற்றுத் திருநீறு, மடியில் பைனாகுலர். பக்கத்து மேஜையில் பூதக்கண்ணாடி, பறவைப் புத்தகங்கள், மை பேனா. மரியாதையாகத்தான் வரவேற்றார். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. இந்தப் படத்துல இருக்க குருவி ஆடி மாசம் குற்றாலத்துல இருக்குமா?”

போட்டோவை வாங்கினார். ஒரு பார்வை. அவ்வளவுதான், திருப்பி நீட்டிவிட்டார்.

“நீல ஈப்பிடிப்பான். வருஷம் பூரா இங்கன உள்ளதுதான். செண்பகாதேவிப் பக்கம் மூங்கில் காட்டுல நெறைய உண்டு.”

“அப்ப ஞாயித்துக்கெழமை எடுத்த படமா இருக்கலாம்?”

“இருக்கலாம்.”

உள்ளேயிருந்து குற்றாலிங்கம் வந்தான். சில்க் ஜிப்பா, கழுத்தில் மைனர் செயின், முகத்தில் ஒரு இளிப்பு. “என்னக்கா, குருவியையும் கூண்டுல ஏத்தி விசாரிக்கப் போறியளா?”

“குருவிக்கு வக்கீல் வச்சுக்க வசதி இல்லே சார். சட்டுனு உண்மையை ஒத்துண்டுடும்” என்றான் கிச்சா.

குற்றாலிங்கத்தின் இளிப்பு சுருங்கியது. “அந்த எண்ணெக்காரப் பயலை இன்னும் நாலு சாத்து சாத்தியிருந்தா அட்டிகை தானா வந்திருக்கும். அத்தான்தான் போதும்னுட்டாக.”

உலகம்மையின் கை காப்பி டம்ளரை இறுக்கியது. அதை அவன் மூஞ்சியில் வீசியிருப்பாள், கிச்சா அவள் முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வராமல் இருந்திருந்தால்.

ஸ்கூட்டரை உதைக்கும்போது அவள் சொன்னாள்: “மேஜையில பூதக்கண்ணாடி இருக்கு. கையெட்டுத தூரம். அந்த மனுஷன் அதை எடுக்கவே இல்லை, கவனிச்சியா?”

“காக்காயைப் பார்த்தாலே கண்ணாடி வச்சுப் பார்க்கறவர்” என்றான் கிச்சா.

“அதான். விடு வண்டியை வாஞ்சிநாதன் ஸ்டூடியோவுக்கு.”

“நீங்கதானே ஓட்டறேள்?”

தென்காசி வடக்கு ரத வீதியில் வாஞ்சிநாதனின் ஸ்டூடியோ ஒரு சந்து மாதிரி இருக்கும். பெரிய கோபுரத்துக்குப் பக்கம் என்பதால் காற்று உள்ளே புகுந்து திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு போகும். கல்யாணப் படங்களுக்கு டச்சிங் செய்துகொண்டிருந்த வாஞ்சிநாதன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போட்டோவை வாங்கினார். பேப்பர் புதுசா பழசா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள் உலகம்மை. அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. குருவியைத்தான் பார்த்தார். பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

“இதை ஆடி மாசம் எடுத்ததுன்னு எந்தக் கட்டையில போறவன் சொன்னான்?”

“குற்றாலிங்கம்.”

“அவனுக்கு எங்கே தெரியப் போறது? கைலாசம் பிள்ளைட்ட நான் வாங்கின வசவை அவன் வாங்கியிருந்தான்னா தெரிஞ்சிருக்கும்!”

ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு காலண்டரை இறக்கினார். எண்பதாம் வருஷத்துக்காக அவர் அச்சடித்தது. கைலாசம் எடுத்த இரண்டு படங்கள் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் அச்சு அசல் ஒரே குருவிதான் என்று கிச்சா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். கைக்குள் அடங்குகிற உடம்பு, கருநீல முதுகு, ஆரஞ்சு நெஞ்சு, வெள்ளை வயிறு.

“ஊர்ல எல்லாரும் ரெண்டையும் நீலக்குருவின்னுதான் சொல்லுவா. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ரெண்டும் வேற வேற. அண்ணன் தம்பி மாதிரி. தொண்டையைப் பாருங்கோ. முதல் குருவிக்கு அலகுக்குக் கீழேயே ஆரஞ்சு ஆரம்பிச்சுடறது. இது வருஷம் பூரா இங்கே இருக்கறது. ரெண்டாவது குருவிக்குத் தொண்டை பூரா நீலம், ஆரஞ்சு நெஞ்சுலதான் ஆரம்பிக்கறது.”

“ஒருத்தன் போர்வையைத் தாடை வரைக்கும் இழுத்துண்டு தூங்கறான், இன்னொருத்தனுக்குப் போர்வை நெஞ்சுக்கு நழுவிடுத்து” என்றான் கிச்சா.

“அதேதான்! அந்தப் போர்வை நழுவினவன் இந்த ஊர்க்காரனே இல்லை. இமயமலைப் பக்கத்துலேர்ந்து ஐப்பசி மழைக்கு வருவான், பங்குனியில கிளம்பிப் போயிடுவான். ஆடியில அவன் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அந்தாண்ட முட்டை பொரிச்சிண்டிருப்பான். இப்போ உங்க படத்தைப் பாருங்கோ.”

உலகம்மை குனிந்தாள். கறுப்பு வெள்ளையில் ஆரஞ்சு வெளுப்பாகத்தான் விழும், கருநீலம் கறுப்பாக விழும். படத்தில் குருவியின் நெஞ்சு வெளுப்பு. அலகுக்குக் கீழே தொண்டை பூராவும் அட்டக் கறுப்பு.

“அருவி விழுதே?” என்றாள், தன் கண்ணையே நம்ப முடியாமல்.

“கார்த்திகையில விழாதா அருவி? மழை பெஞ்சா கொட்டோ கொட்டுன்னு கொட்டும்.”

ஆக, குற்றாலிங்கம் அத்தானின் பழைய பெட்டியிலிருந்து அருவியும் குருவியும் சேர்ந்த ஒரு படத்தை உருவியிருக்கிறான். பங்களாத் தோட்டத்தில் இந்த ஆடியிலும் தினம் கண்ணில் படுகிற நீலக்குருவிதானே, யார் தொண்டையைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். கிச்சா துள்ளிக் குதித்தான். உலகம்மை குதிக்கவில்லை.

“அண்ணா, கைலாசம் உங்களை வஞ்சதா சொன்னீயளே, எதுக்கு?”

“இதுக்குத்தான்! காலண்டர்ல ரெண்டு குருவியோட பேரையும் மாத்திப் போட்டுட்டேன். அவர் வந்து, இதே வாசல்ல, அத்தனை காலண்டரையும் தெருவுல வீசினார். மழைத் தண்ணியில மிதந்துண்டு போச்சு. ‘தொண்டையைப் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா கண்ணு?’ன்னு ரோடே கேக்கறாப்பல கத்தினார். ஒரு வருஷம் என் கடை வாசப்படி மிதிக்கலை.”

உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குற்றாலிங்கம் பொய் சொல்வான் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆனால் இந்த மனுஷன்! தன் கையால் எடுத்த படம், தன் வாழ்நாள் பூராவும் பார்த்த குருவி. பூதக்கண்ணாடியை அவர் எடுக்காததற்கு இதுதான் காரணம். அவருக்கு எதையும் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பார்த்த நிமிஷமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்து, காப்பியும் கொடுத்து, பச்சைப் பொய் சொல்லியிருக்கிறார்.

“நீங்க வந்து ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா அண்ணா?”

“வரேன். ஆனா நான் போட்டோ புடிக்கறவன். குருவி விஷயத்துல கைலாசம் பிள்ளை ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, கோர்ட்டுல யார் பேச்சு எடுபடும்?”

அவர் சொன்னது சரிதான். மணி இரண்டே முக்கால். உலகம்மை எழுந்தாள். இந்தத் தடவை ஸ்கூட்டரில் கிச்சா சொல்லாமலே சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் கோபத்தின் உயரம் அவனுக்குத் தெரியும்.

பங்களா வராந்தாவில் இப்போது அத்தானும் மச்சினனும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் வைத்தாள். அவள் குரல் அத்தனை பதவிசாக இருந்ததைக் கேட்டுக் கிச்சா ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“அண்ணாச்சி, நீங்க சொன்னதை எழுத்துல குடுத்துட்டா எங்க வேலை முடிஞ்சுது. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. ‘இந்தப் படத்தில் உள்ளது குற்றாலத்தில் வருஷம் முழுவதும் வசிக்கும் நீல ஈப்பிடிப்பான். அலகுக்குக் கீழே தொண்டை முதல் ஆரஞ்சு நிறம் உடையது.’ கீழ கையெழுத்து.”

“அதுக்கென்ன, எழுதிக் குடுங்கத்தான், தொல்லை விட்டுச்சு” என்றான் குற்றாலிங்கம்.

கைலாசம் பேனாவைத் திறந்தார்.

“கோர்ட்டுல படத்தோட சேத்து ஃபைல் ஆகும். பேப்பர்காரங்க கேட்டா ஒரு காப்பி குடுப்பேன்” என்றாள் உலகம்மை. “பம்பாய் சங்கத்துக்கும் படத்தையும் உங்க கடுதாசியையும் அனுப்பி வைக்கப் போறேன். உங்க பேரோட வந்தா அவங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்லா?”

முதல் வரியை எழுதினார். ‘அலகுக்குக் கீழே’ என்று எழுதினார். அங்கே நின்றுவிட்டது பேனா.

அவர் படத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். நிப்பு தாளில் ஊன்றிய இடத்தில் மை பரவ ஆரம்பித்தது.

“எழுதுங்கத்தான்! தொண்டை ஆரஞ்சுன்னு எழுத என்ன?”

“சும்மா இருலே, முட்டாப்பயலே!” என்று சீறினார் கைலாசம். “இதுக்குத் தொண்டை ஆரஞ்சாலே? பாத்துச் சொல்லு, ஆரஞ்சா? நீலத்தொண்டைடா இது! எழுதிக் குடுத்தேன்னா நாளைக்குப் பம்பாயில சின்னப் பசங்கள்லாம் என்னைப் பாத்துச் சிரிப்பானுங்க!”

சரக்கென்று முழுத்தாளையும் குறுக்கே அடித்தார். மறுபக்கம் திருப்பினார். வேகமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: இது நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். குளிர்கால விருந்தாளி. ஆடி மாதம் குற்றாலத்தில் காணப்படாது. இந்தப் படம் எண்பதாம் வருஷம் கார்த்திகையில் செண்பகாதேவி அருவியருகே என்னால் எடுக்கப்பட்டது. கீழே தேதி போட்டு, முழுப்பேரும் எழுதிக் கையெழுத்திட்டார்.

“அத்தான்!” என்று அலறிய குற்றாலிங்கம் வராந்தாவை விட்டுக் குதித்து போர்ட்டிகோவைப் பார்க்க ஓடினான்.

“காரைத் தேடாதேங்கோ சார்” என்றான் கிச்சா. “நாலு டயரும் படுத்துண்டு ரெஸ்ட் எடுக்கறது. நான்தான் உள்ளே வரும்போதே ஒரு கை குடுத்துட்டு வந்தேன்.”

உலகம்மை தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கைலாசம் தலையைத் தூக்கவில்லை.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“திங்கக்கெழமை, அவன் படத்தைக் காட்டுன உடனே.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “வடிவோட கூடப்பிறந்தவன்மா. சொந்த அக்கா நகையைத் திருடினான்னு வெளிய தெரிஞ்சா எங்க குடும்பம் தலை நிமிர முடியுமா? பலவேசத்தை நாலு அடி அடிச்சு விட்டுருவாங்க, கேஸ் நிக்காது, வந்துருவான்னு நெனச்சேன்...”

“வாயை மூடுங்க!” வராந்தாவே அதிர்ந்தது. “குருவிக்குத் தப்பாப் பேர் எழுத உங்க கை கூசுது. ஒரு மனுஷனுக்குத் திருட்டுப்பயன்னு பேர் வச்சு, கட்டி வச்சு அடிச்சாங்களே, அப்ப எங்கய்யா போச்சு அந்தக் கூச்சம்? அருவிக்கரையில எத்தனையோ பேர் உடம்பைப் பிடிச்சுவிட்ட கை அது. உங்க உடம்பையும் வாரா வாரம் பிடிச்சுவிட்ட கை! நீங்கள்லாம் படிச்ச மனுஷன்! தூ!”

மூன்றே முக்காலுக்கு ஸ்டேஷனில் கடற்கரை அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். இந்தத் தடவை பல் குத்தவில்லை. ஜீப் போனது, குற்றாலிங்கத்தோடு திரும்பி வந்தது. இரண்டு அதட்டலுக்கே அவன் கக்கிவிட்டான். அட்டிகை செங்கோட்டையில் அவன் சேக்காளி வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்தது. உலக்கை தேவைப்படவில்லை அவனுக்கு.

பலவேசத்தை வெளியே விட்டார்கள். பேராச்சி அவன் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு நடத்திக்கொண்டு வந்தாள். ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தவன் உலகம்மையை ஏறிட்டுப் பார்த்தான்.

“எப்படிம்மா விட்டாக?”

“கைலாசம் எழுதிக் குடுத்தாரு.”

அடி வாங்கி வீங்கிய அந்த முகம் அப்படியே மலர்ந்தது. “அண்ணாச்சியா! கேட்டியா பேராச்சி, நான் சொன்னேன்லா? அவுக காதுக்கு விசயம் போனா விடவே மாட்டாகன்னு சொன்னேன்லா? அடிக்கும்போதுகூட நான் அவுக பேரைச் சொல்லிக் கூப்பிடலை. பாவம், மாடியில பூசையில இருக்காகளோ என்னமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். கை கொஞ்சம் தேறட்டும், மொத வேலையா போயி அவுக கால்ல விழணும்.”

முறிந்த கை மடியில் கிடக்க, குற்றாலத்துப் பக்கம் திரும்பி, இடது கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் கும்பிட்டான். கிச்சா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று உலகம்மை ஒரு கணம் நினைத்தாள். பேராச்சியும் கும்பிடக் கையெடுத்ததைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

“கையை இறக்கு பலவேசம். நீ திருடலைன்னு அவருக்குத் திங்கக்கெழமையே தெரியும்.”

தூக்கிய கையோடு அவன் அவளையே பார்த்தான். ஏதோ கணக்குத் தப்பாக இருப்பதுபோல உதடு அசைந்தது.

“என்னையச் செவ்வாக்கெழமைல்லாம்மா அடிச்சாக?” என்றான்.